சுவர் திருத்திய நாவல்

இது நடந்தது. நான் கதை கட்டுகிறவன் என்பதால் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்புவதில்லை. என் மனைவியே, "இதையும் ஒரு கதையா எழுதிடுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். ஆனால் இதில் என் சொந்தச் சரக்கு ஒரு வரி கூட இல்லை.

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு மத்தியானம் வந்தது. நல்ல வெயிலில்.

நான் அறிவியல் புனைகதை எழுதுகிறவன். அது சோறு போடாது என்பதால் இரவில் மருந்துக் கிடங்கில் வேலை. குளிர் அறைகளைச் சுற்றிவந்து கண்காணிக்க வேண்டும். காலையில் வந்து படுத்து, மத்தியானம் எழுந்து எழுதுவேன். எல்லோரும் கைவிட்டுப் போன நிலவுக் குடியிருப்பில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண் மெக்கானிக்கைப் பற்றிய நாவல். அவளுடைய குளிரைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் படித்துச் சேர்த்தது. ஆழ்கடலில் வேலை பார்த்தவர்களின் நினைவுகள், பழைய பம்பு ரிப்பேர் புத்தகங்கள். எழுதும்போது விண்வெளிக் கதைகளைத் தொடுவதில்லை. அடுத்தவர் நடை கையில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசிக்குள் தராவிட்டால் புத்தகத்தைக் கைவிடுவதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் எழுத்தையே விட்டுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கும் அலுத்துப்போயிருந்தது. தூங்கினால் போதும் என்றிருந்தது.

எழுதியதை வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம். கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும். படிப்பதைக் கைபேசியில் பதிவு செய்து தங்கைக்கு அனுப்புவேன். அவள் டைப் செய்து தருவாள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒரு நாள், இரண்டு மணி இருக்கும். கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தேன். 'நட்சத்திரங்கள் அவளுடைய தனிமையின் மீது வெள்ளிக் கண்ணீர் வடித்தன…'

டொக்.

பக்கத்து வீட்டுச் சுவர். மறுபடி அதே வரியைப் படித்தேன்.

டொக்.

பயந்தேன் என்றால் பொய். ரோஷம்தான் வந்தது. கண்ணீரை அடித்துவிட்டு, 'நட்சத்திரங்கள் தெரிந்தன' என்று படித்தேன். சத்தம் இல்லை. யோசித்துப் பார்த்தால் வரி இப்போதுதான் நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து சுவர் என் நாவலைத் திருத்தியது. நான் எங்கே பீற்றிக்கொண்டாலும் ஒரு தட்டு. அங்கே வெட்டுவேன். யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியர், பொழுது போகாமல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருடமாக நகராத கதை ஓட ஆரம்பித்தது. "பக்கத்துல தச்சு வேலையாண்ணா?" என்று தங்கை கேட்டாள். சிரித்தேன்.

ஆனால் சில விஷயங்கள் சரியாகப் படவில்லை. தட்டும் சத்தம் எப்போதும் கீழேயிருந்து வந்தது. தரைக்கு ஒரு முழம் மேலே. பக்கத்து வீட்டு வாசலில் விளம்பரத் தாள்கள் குவிந்து கிடந்தன. யாரும் எடுக்கவில்லை.

ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேயும் சுவரில் தட்டு விழுந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் வீடு கிடையாது. படிக்கட்டுதான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை…

கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு பக்கம் பாக்கி இருந்தபோது, பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வாசலில் கிடந்த தாள்களை அள்ளிக்கொண்டிருந்தார்.

"வணக்கம்மா. உள்ள இருக்கறவங்களுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

"உள்ள யாரும் இல்லையே. எங்கம்மா வீடு இது. அவங்க போய் எட்டு மாசம் ஆச்சு."

"இல்ல… தினமும் சுவத்தத் தட்டுவாங்களே…"

அவர் கையிலிருந்த தாள்கள் கீழே விழுந்தன.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

அவரே சொன்னார்.

"கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல விழுந்துட்டாங்க. எந்திரிக்க முடியல. தட்டித் தட்டி… கை வீங்கியிருந்துச்சு. அப்ப உங்க வீடு காலி. கேக்க ஆளில்ல."

எப்படி என் வீட்டுக்குள் வந்தேன் என்று நினைவில்லை. காப்பாற்றச் சொல்லித் தட்டியிருக்கிறாள் அந்தத் தாய். நான் அதை விமர்சனம் என்று எடுத்துக்கொண்டேன்! அடைமொழியை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாயைப் போகச் சொன்னால் கடைசிப் பக்கத்தை யார் கேட்பார்கள் என்ற எண்ணமும் வந்தது. ஒரு நொடிதான். ஆனால் வந்தது.

இரண்டு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் பதிவை ஓடவிட்டேன். முந்தின நாள் எழுதியதைப் படித்தேன்.

டொக்.

படிப்பதை நிறுத்தினேன். குனிந்து, சத்தம் வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் சில்லென்றிருந்தது. கிடங்கின் குளிர் அறைச் சுவர் போல…

"கேட்டுச்சும்மா," என்றேன். "எனக்குக் கேட்டுச்சு. இனிமே தட்ட வேண்டாம். நிம்மதியாப் போங்க."

அமைதி.

ரொம்ப நேரம் அமைதி.

அதன்பிறகு தட்டவே இல்லை. அழுதுவிட்டேன். பதிவைத் தங்கைக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் காலை தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, நேத்து வீட்டுக்கு யாரு வந்தாங்க?"

"யாரும் வரலையே."

"அப்ப அந்தம்மா யாரு?"

"எந்தம்மா?"

பதிவைப் போட்டுக் காட்டினாள்.

முதலில் என் குரல். நிம்மதியாப் போங்க…

அமைதி.

பிறகு ஒரு பெண் குரல். வயதான குரல். களைத்த குரல். சுவருக்குப் பின்னாலிருந்து வரவில்லை. என் குரலைவிடக் கைபேசிக்குக் கிட்டே கேட்டது.

"நீங்க கதைய முடிங்க. நான் உக்காந்திருக்கேன். முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம்."

மாதக் கடைசி நேற்றோடு போயிற்று. அந்தக் கடைசிப் பக்கத்தை நான் இன்னும் எழுதவில்லை. பதிப்பாளர் இன்னும் ஒரு வாரம் தருகிறாராம். மனைவி சந்தோஷமாக வந்து சொன்னாள். கட்டிலில் என் பக்கத்தில், சுவரை ஒட்டி ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். ஏன் அப்படி உட்கார்ந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"ஒரே ஒரு பக்கம்தானே?" என்றாள். "இன்னிக்கே முடிச்சிடுங்களேன்."