எழுத வேண்டாம் என்றவர்

மொழிப் போராட்டச் செய்திக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம் போயிருந்தேன். தடியடி தொடங்கியதும் மாணவர்களோடு நானும் ஓடினேன். ஜவுளிக்கடை பாய் ஒருவர் எங்களை உள்ளே இழுத்து, ஆளுக்கொரு புடவையைக் கையில் திணித்தார்.

போலீஸ்காரர் ஒருவர் நுழைந்தார்.

"எல்லாம் நம்ம சொந்தக்காரங்க சார். நிக்காஹ்வுக்குத் துணி எடுக்க வந்திருக்காங்க" என்றார் பாய்.

போலீஸ்காரர் ஒரு மாணவனின் நெற்றி விபூதியைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டு வெளியேறினார்.

என் சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு பாய் என்னிடம் வந்தார். "பேப்பர்காரரா? எங்களப் பத்தி எழுதிடாதீங்க தம்பி. நாளைக்கும் நான் இங்கதான் கடை தொறக்கணும். அந்தப் போலீஸ்காரருக்கும் வேலை போயிடும்."

எழுதவில்லை. பிறகு போராட்டங்களின் வரலாற்றை எழுதுவதே என் தொழிலானது. ஒவ்வொரு புத்தகத்தையும் முடிக்கும்போது, இப்படி யார் யார் இதில் இடம்பெறாமல் போனார்களோ என்று மனம் தவிக்கிறது.