மிச்சக் குளிசைகள்

எங்கள் வீட்டில் எந்த மருந்தும் முடிந்ததில்லை. சிறுநீர் எரிந்து சலக்கடுப்பு வந்து அம்மா சுருண்டு படுப்பார். பாமன்கடையில் இருந்த டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன். அவர் ஏழு நாளைக்கு அன்டிபயோட்டிக் குளிசை எழுதுவார். மூன்றாம் நாள் எரிவு அடங்கும். அவ்வளவுதான், மிச்சக் குளிசைகள் பால்மா டின்னுக்குள் போய்விடும்.

அந்த டின் அக்காவுக்கு. அக்கா இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் இருந்தார். சண்டைக்காலம், வவுனியாவுக்கு அப்பால் மருந்து கொண்டுபோக ஆமி விடாது. சின்னவளுக்குக் காதால் சீழ் வடிகிறது என்று யாராவது வந்து சொன்னால் அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு மாமி இருந்தார். கணவர் வன்னியில் இருந்ததால் ஆமியிடம் பாஸ் எடுத்துப் போய்வருகிறவர். குளிசைகளை உள்பாவாடைக் கரைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போவார். சோதனையில் பிடிபட்டால் சிறைதான்.

"முழுக்கக் குடிச்சாத்தானம்மா வருத்தம் வேரோட போகும். டொக்டர் சொன்னவரெல்லே?"

"எனக்குச் சுகம் வந்திட்டுது. பிறகேன் வீணாக்கிறாய்? அங்க பிள்ளையள் அழுந்துதுகள்."

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். வேலைக்குப் போகிற நான் பக்கத்திலிருந்து வாயைத் திறந்து பார்த்தா குளிசை கொடுப்பேன்?

இரண்டு மாதம் போகாது, திரும்பவும் எரிவு. முதலில் அதே மருந்து, பிறகு வேறு மருந்து, பிறகு அதைவிடக் கடும் மருந்து. டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். தெரிந்த தமிழில் கேட்பார்: "அம்மா, மருந்து எல்லாம் குடிச்சதா?"

"ஓம் டொக்டர், எல்லாம் குடிச்சு முடிச்சிட்டன்." சாமிப்படத்துக்கு முன்னால் நிற்கிற முகத்தோடு சொல்லுவார்! ஒருநாள் நான் குறுக்கே விழுந்து உண்மையைச் சொன்னேன். இப்படிச் செய்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு ஒன்றுமே கேட்காது என்று டொக்டர் எச்சரித்தார். அம்மா நன்றாகத் தலையாட்டினார். அந்தத் தரமும் டின் நிறைந்தது.

கடைசியில் காய்ச்சலும் நடுக்கமுமாக விழுந்தார். பொரளைப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் சேர்த்தேன். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கச் சலத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. அம்மா அரைகுறையாகக் குடித்த ஒவ்வொன்றுக்கும் நேரே, இனிக் கேட்காது என்ற அடையாளம். ஒரேயொரு ஊசிமருந்துதான் மிஞ்சியது. அதையும் வெளியே வாங்கித் தரச் சொன்னார்கள்.

குப்பிகளை வாங்கிக்கொண்டு வந்த பின்னேரம் மேல்மாடி மாமி அம்மாவைப் பார்க்க வந்தார். முதல்நாள்தான் வன்னியிலிருந்து திரும்பியிருந்தார்.

"குளிசை கிடைச்சதோ?" அம்மாவுக்கு முதலில் அதுதான்.

"கிடைச்சது. சின்னவளுக்கு ரெண்டு நாள் குடுக்கச் சீழ் நிண்டிட்டுது. மிச்சத்தை உங்கட மகள் பக்கத்துக் கொட்டில் பிள்ளைக்குக் குடுத்திட்டா."

"என்ர பிள்ளையெல்லே!" என்றார் அம்மா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு.

மாமியை அனுப்ப வாசல்வரை போனேன். சின்னவளின் காது திரும்பவும் வடியத் தொடங்கிவிட்டது என்பதை அங்கே வைத்துத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரோடு கோபிப்பது? மருந்தை மறித்தவனோடா, இருந்ததைப் பங்கிட்டவளோடா?

திரும்பி வந்தபோது நேர்ஸ் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரின் கையைப் பிடித்திருந்தார்.

"பிள்ளை, எனக்குப் பாதி காணும். மிச்சத்தை மூடி வையுங்கோ."

நேர்ஸுக்குத் தமிழ் தெரியாது. "அம்மா மொகத கியன்னே?" என்று என்னிடம் கேட்டார், அம்மா என்ன சொல்கிறார் என்று.

"ஒக்கோம தென்ன, மிஸ்." எல்லாவற்றையும் போடச் சொன்னேன். குரல் வார்டுக்கே கேட்டிருக்கும். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

முழுவதும் போட்டார்கள், அன்றும் அடுத்த நாளும். ஆனால் அந்த மருந்தும் முடியவில்லை. முடியுமுன்னே அம்மா போய்விட்டார்.

அம்மாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு மாமி கீழே இறங்கி வந்தார். வன்னிக்குப் போகப் பாஸ் கிடைத்துவிட்டது என்றார். பிறகு, மிஞ்சிய ஊசிமருந்துக் குப்பிகள் ஏதும் இருக்கிறதோ என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன்.