சின்னத்தில் வைத்த பொட்டு

சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்தில் ஒரு கராஜில் எனக்குக் கார் கழுவும் வேலை. எண்பதுகளின் நடுப்பகுதி. என் முதலாளி, நாங்கள் செஃப் என்று கூப்பிடுவோம், இத்தாலியில் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே வாங்கி விற்பார். அகதி மனுவுக்கு முடிவு வராததால் நான் நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. என் மனைவியோ ஏஜென்சிக்காரன் தயவில் இத்தாலியின் மிலானோ வரை வந்து, மூன்று குடும்பங்கள் இருந்த ஓர் அறையில் மாட்டிக்கொண்டிருந்தாள். காரில் போனால் சில மணி நேரம்தான். நான் கழுவிவிட்ட கார்கள் அங்கே போய் வந்தன.

அந்த வருடம் ஒரு பழைய சிவப்புக் கார் வந்தது. அதற்குத் தனிக் கோப்பே இருந்தது: எந்தப் பட்டறையில் பிறந்தது, எஞ்சின் எண் என்ன, முதலில் வைத்திருந்த கனவான் யார், எந்தப் பந்தயங்களில் ஓடியது. எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போதுகூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள். காரின் மூக்கில் பதித்த, கம்பெனியின் வெள்ளை எனாமல் சின்னத்தில் மயிரிழை வெடிப்புகள். அதை மெருகிடக்கூட செஃப் விடமாட்டார்.

"வேகமான கார் யாரும் செய்யலாம். இந்த முகத்தை இனி யாராலும் செய்ய முடியாது. வாங்குகிறவன் இதைத்தான் வாங்குகிறான்" என்பார். அகதி மனுவுக்காக என்னை விசாரித்த அதிகாரி நான் சொன்ன ஊரையே நம்பவில்லை. ஓர் இரும்புக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனால் அந்தக் காரைத்தான் நம்பியிருந்தேன். மிலானோவில் அதை வாங்க ஒருவர் காத்திருந்தார். போகிற கையோடு, திங்கட்கிழமை பிற்பகல் அங்கேயுள்ள சுவிஸ் துணைத் தூதரகத்துக்கு என் மனைவியோடு நேரில் போய், அவள் இங்கே வருவதற்குப் பொறுப்பெழுதிக் கையெழுத்து வைப்பதாக செஃப் சொல்லியிருந்தார். அவளுடைய இத்தாலி விசா அந்த வாரத்தோடு முடிகிறது.

திங்கள் காலை காரை வெளியே எடுத்து வைத்தேன். நல்ல காரியத்துக்குப் புறப்படும் வாகனத்தை வெறும் நெற்றியோடு அனுப்ப மனம் வரவில்லை. சந்தனம் குழைத்துச் சின்னத்தின் நடுவில் வைத்து, அதன்மேல் குங்குமப் பொட்டு. முன் சக்கரங்களுக்குக் கீழே இரண்டு தேசிக்காய். கும்பிட்டேன்.

செஃப் வந்து பார்த்தார். கத்தவில்லை. கைக்குட்டையால் துடைத்தார். பொட்டுப் போனது, ஈரக் குங்குமம் வெடிப்புகளுக்குள் இறங்கிச் சிவப்புக் கோடுகளாக நின்றது. நான் பதறிப்போய் சோப்புப் போட்டுத் தேய்க்க, எனாமலில் ஒரு துண்டு கழன்று என் விரலில் ஒட்டியது.

"ஏன்?" என்றார்.

"பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில்.

அவர் உள்ளே போய் மிலானோவுக்குப் போன் எடுத்துப் பேசிவிட்டு வந்தார். "அவருக்கு இனி இந்தக் கார் வேண்டாமாம். நான் இன்று போகவில்லை."

மனைவியின் காரியத்தைக் கேட்க வாய் எடுத்தேன். அவர் கழன்ற துண்டைக் கவனமாக ஒரு கடித உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கேட்காமல் விட்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

பிற்பகல் அவள் கராஜுக்குப் போன் எடுத்தாள்.

"நான் தூதரக வாசலிலை நிக்கிறன். உங்கடை செஃப் இன்னும் வரேல்லை. வெளிக்கிட்டவரோ?"

"ஓம், வெளிக்கிட்டவர். மலையிலை பனி கொட்டுது. பாதையைப் பூட்டிப்போட்டாங்களாம்."

வெளியே நல்ல வெயில். அந்த மலைக்குள் சுரங்கப்பாதை இருக்கிறது, பனிக்காலத்திலும் வாகனம் ஓடும் என்பது அவளுக்குத் தெரியாது.

"அப்ப நான் என்ன செய்ய? நிக்கட்டோ, போகட்டோ?"

"கொஞ்சம் நில்லும்" என்றேன்.