உள்ளறையில் இருந்த ஊர்

என் அம்மாவின் அக்கா கல்யாணம் முடிக்கவில்லை. தன்னாமுனையில் வாவிக்கரையோரம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். போனால் முன்னறையில் இருக்கவைத்துத் தேத்தண்ணீர் தருவார். உள்ளறை எப்போதும் பூட்டியிருக்கும்.

"உள்ளுக்கு ஒண்டுமில்ல மகள், விறகும் பழஞ்சாமானும்தான்" என்பார். நாங்களும் விறகுதான் என்று நம்பியிருந்தோம்.

பாரிசவாதம் வந்து அவர் விழுந்த அன்று பக்கத்து வீட்டு அக்காதான் எனக்குப் போனில் கோல் எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுடுப்பு எடுக்க இருவரும் திரும்பி வந்தோம். அப்போதுதான், உடுப்புகளுக்குள் கிடந்த சாவியால் உள்ளறைக் கதவைத் திறந்தேன்.

நாலு சுவரிலும் ஓர் ஊர் இருந்தது. அடுப்புக்கரியாலும் மஞ்சளாலும் உடுப்புக்குப் போடும் நீலத்தாலும் வரைந்த ஊர். வாவிக்கு அடியில் தெருக்கள், சந்தை, பஸ் நிலையம். தண்ணீருக்குள் பெண்கள் குடை பிடித்து நடக்கிறார்கள். யன்னல்களில் மீன்கள் எட்டிப் பார்க்கின்றன. கூரைக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடம், நீள வாங்குகளில் கிழவிகள் இருந்து படிக்கிறார்கள். மேசைமேல் ஏறி நின்றுதான் அதை வரைந்திருக்க வேண்டும்.

"பாத்தியா புள்ள, இவ்வளவு காலமும் பக்கத்தில இருந்தும் எனக்கு ஒண்டும் தெரியாதே" என்று அந்த அக்கா வாயில் கைவைத்தார். பிறகு போனில் படம் பிடித்தார்.

வீட்டுக்குத் திரும்பிய பெரியம்மாவிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. சாப்பிட்டதா என்றாலும் ஓம். பசிக்கிறதா என்றாலும் ஓம். வலது கை அசையவேயில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

போன் படங்களைப் பார்த்துவிட்டு, ஆவணப்படம் எடுக்கும் இளைஞர் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை. பெரியம்மாவின் காலடியில் குந்தியிருந்து கேட்டார்.

"அம்மா, சுவரில இருக்கிற இவங்க யுத்தத்தில இல்லாமப் போன ஆக்களா?"

"ஓம்."

"தம்பி, அவ எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவா. மாத்திக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

"இதெல்லாம் சும்மா கற்பனையா அம்மா?"

"ஓம்."

இளைஞர் தலைகுனிந்துகொண்டார். ஆனால் அவர் எடுத்த படத்தில் முதல் ஓம் மட்டுமே இருந்தது.

புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் அதைத் திரையிட்டார்கள். பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனேன். சுவரளவு பெரிதாக அவரது சந்தை தெரிந்ததும் இடது கை எழும்பியது. "ஓம்! ஓம்!" என்று கத்தினார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. சனம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

"பெரியம்மா, போவமா?"

"ஓம்."

"இருந்து பாப்பமா?"

"ஓம்."

என் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு அறையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாரி பிடித்ததும் வாவிப் பக்கச் சுவர் ஈரம் உறிஞ்சி, நீலம் வடிந்தது. வார்னிஷ் அடிக்கச் சொன்னார் ஒருவர். தொடவே வேண்டாம் என்றார் இன்னொருவர். யாரைக் கேட்பது?

ஒருநாள் காலை பெரியம்மாவை அந்தச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டி, வடிந்த நீலத்தைத் தேய்க்கத் தொடங்கினார். அழிக்கிறாரா, இழுத்துப் பூசுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடிக்கவும் மனம் வரவில்லை, விடவும் பயமாக இருந்தது. நாற்காலி உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.