மண்சரிவில் வாசித்த மூன்றாம் ஓலை

பேராதனையைத் தாண்டும்போது காலை ஆறு மணி. மழை விட்டிருந்தது. ஆனால் மகாவலி கலங்கிச் செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் போய், இரண்டு தோட்டக் கோயில்களில் பூசை வைத்துத் திரும்ப, முச்சக்கர வண்டிக்கு மூவாயிரம் ரூபா பேசியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து தியானத்துக்கென்று கண்டிக்கு வந்த பாதிரி நான். பங்குச்சாமிக்குக் காய்ச்சல் என்றதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் எரிச்சலோடுதான் ஏறினேன்.

பங்குச்சாமி போர்வைக்குள் இருந்தபடி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "மேல் டிவிசன் ரோசலினோட மூணாவது ஓலைய மட்டும் விட்டுறாதீங்க ஃபாதர்."

கல்யாணம் பேசியவர்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்து, தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்பதுதான் ஓலை வாசிப்பது. இரண்டு முடிந்திருந்தது, அன்றைய ஞாயிறு மூன்றாவது. கல்யாணம் வரும் சனிக்கிழமை. அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்கிவிடும். அதன்பின் கிறிஸ்து பிறந்த நத்தார் கழியும்வரை இந்தப் பங்கில் தாலி கட்ட விடுவதில்லை. மாப்பிள்ளை அந்தோனி அதற்குள் கட்டார் வேலைக்கு விமானம் ஏற வேண்டியவன். போனால் இரண்டு வருஷம்.

வண்டி ஓட்டிய முருகேசுக்கும் ரோசலினின் தேயிலைத் தோட்டம்தான், அதே மேல் டிவிசன். கண்ணாடிக்கு மேலே மாரியம்மன் படம் ஒட்டியிருந்தார்.

"ரோசலின் என் மகளோட கூட்டாளி சாமி. ஓலை வாசிக்காமத் திரும்பினீங்கன்னா, எனக்கு வீட்டுல சோறு கெடைக்காது."

"ஓம், வாசிச்சுப்போட்டுத்தான் வருவன். நீர் றோட்டைப் பார்த்து ஓட்டும்" என்றேன்.

கலஹாவுக்கு அப்பால் முதல் கோயில். தகரக் கூரை, உட்கார நாலு வாங்கு, ஆர்மோனியம் கிடையாது. ஆனால் என்ன பாட்டு ஐயா அது! கொழுந்தெடுக்கும் பெண்கள் மலைக்கு மலை கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரலை அப்படியே கோயிலுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார்கள். உறைப்பில் கண்ணீர் வந்தது. இன்னும் இரண்டு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு மேல் தெல்தோட்டையைக் கடந்து மலையில் ஏறினோம். மேல் டிவிசன் கோயிலுக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது முருகேசு பிரேக் போட்டார். முன்னால் ஒரு பஸ் நின்றது. அதற்கு முன்னால் பாதையே இல்லை. மேட்டு மண் சரிந்து, தேயிலைச் செடிகள் நட்டபடியே நடுவீதியில் வந்து நின்றன.

"போச்சுடா!" என்றார் முருகேசு.

முகம்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைக்காகப் பதறினேன். அப்போதுதான் மண்ணுக்கு அந்தப்பக்கம் இருந்து, "தோத்திரம் சாமி! அங்கேயே நில்லுங்க, வழி வெட்டுறோம்!" என்று சத்தம் கேட்டது.

மண் சரிந்தது தெரிந்து சபை முழுவதும் இறங்கி வந்திருந்தது. ஆண்கள் மண்வெட்டியால் வெட்ட, பெண்கள் கூடையில் அள்ளி விளிம்புக்கு அப்பால் கொட்டினார்கள். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த பையன்களும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பஸ்ஸில் இருந்த சிங்கள ஆட்கள் காற்சட்டையை மடித்துக்கொண்டு இந்தப்பக்கமிருந்து தொடங்கினார்கள். ஒற்றையடிப் பாதை ஒன்று திறந்ததும் இருவர் என்னைக் கைத்தாங்கலாகக் கடத்தினார்கள். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

அந்தப்பக்கம், பாதிரி இல்லாத நாட்களில் செபம் நடத்தும் உபதேசியார், மேலிருந்து சுமந்து வந்த கோயில் மேசையை வீதியிலேயே போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார். "மேல ஏறி எறங்குறதுக்குள்ள திரும்ப மழை புடிச்சிரும் சாமி. எல்லாரும் இங்கதானே நிக்கிறோம்" என்றார்.

பூசை வைத்தேன். ஓலையை எடுத்ததும் சலசலப்பு. ஒரு தாய், சேறு அப்பிய தன் மகளைப் பிடித்துத் தள்ளினாள். "அடியேய், போடி! ஓன் ஓலைய நீயே நின்னு கேப்பியா?"

தன் ஓலை வாசிக்கும்போது பெண் சபையில் நிற்கக்கூடாது என்பது அங்கே வழக்கமாம். வீட்டில் இருக்க வேண்டுமாம்.

"எங்கம்மா போறது? முன்னால மண்ணு, பின்னால சனம்" என்றாள் ரோசலின். "நான் அள்ளாம வீட்டுல குந்தியிருந்தா, சாமி பறந்தா வந்திருப்பாரு?"

தாய் மறுபடி தள்ளுவதற்குள் நாலு பெண்கள் கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்குகளை அவிழ்த்து அவளைச் சுற்றித் திரையாகப் பிடித்தார்கள். "இப்ப அவ இங்க இல்ல. வாசிங்க சாமி!"

வாசித்தேன். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டு நிறுத்தினேன். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பஸ்காரர்கள்கூட மூச்சுக் காட்டவில்லை. "அப்படியானால் ஆண்டவர் இவர்களை ஆசீர்வதிப்பாராக" என்றேன்.

"ஆமென்!"

எல்லாருக்கும் முந்திய அந்தக் குரல் படங்குக்குள் இருந்து வந்தது. சபை சிரித்த சிரிப்பில் நானும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தாய் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள்.

சனிக்கிழமை கல்யாணம் நடந்ததை முருகேசு தொலைபேசியில் சொன்னார். எங்கள் ஊர்க் கோயில் வாசல்வரை தார் வீதி. ஓலை வாசிக்கும்போது பாதிப் பேர் குடையைத் தேடுவார்கள். நானும் தடை உண்டா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டு, மூச்சு விடாமல் அடுத்ததற்குத் தாவிவிடுவேன். இப்போதெல்லாம் கேட்டபின் கொஞ்சம் நிற்கிறேன். ஃபாதர் அடுத்த வரியை மறந்துபோனார் என்று முன் வாங்கில் குசுகுசுக்கிறார்கள். குசுகுசுக்கட்டும். எனக்கு அந்தப் படங்குக்குள் இருந்து வந்த ஆமென் கேட்க வேண்டும்.