கமீசோவின் மூச்சு

பேச்சின் நடுவில் கமீசோ சட்டென்று வாயை மூடிக்கொண்டால், சிந்து மாகாணத்துச் சுக்கூர் படித்துறை டீக்கடையில் யாரும் அவரைத் தொந்தரவு செய்வதில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். கண்கள் ஆற்றின்மேல் நிலைகுத்தி நிற்கும். நடு ஆற்றில் ஒரு புலான் நீண்ட மூக்கை வெளியே நீட்டி மூச்சு வாங்கிவிட்டு முங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது மறுபடி மேலே வரும்வரை இவரும் மூச்சு விடமாட்டார். 'புஸ்' என்று அது தும்முகிற மாதிரிச் சத்தம் கேட்டதும், இவரும் புஸ்ஸென்று விட்டுவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்தே பேச்சை எடுப்பார்.

"டீ ஆறிப்போச்சு சாச்சா," என்பான் கடைப் பையன்.

"ஆறட்டும்டா. அது மேல வந்துச்சுல்ல, அது போதும்."

புலான் என்பது சிந்து நதியின் ஓங்கில், டால்பின். பிறவியிலேயே அதற்குப் பார்வை கிடையாது. காதை வைத்துத்தான் பிழைப்பு. கமீசோவும் அதே ஆற்றில் பிறந்தவர். படகுதான் வீடு, மீன்தான் தொழில். வயது ஐம்பத்தெட்டு என்பார், போன வருடமும் அதையேதான் சொன்னார். பதித்த கண்ணாடிச் சில்லுகளில் பாதி உதிர்ந்த சிந்தித் தொப்பி, காதில் செருகிய பீடி, எந்நேரமும் ஈரத்தில் ஊறி வெளுத்த உள்ளங்கை. கைக்கடிகாரம் கட்டச் சொன்னால் முகம் சுளிப்பார். "அது ஓடும், நிக்கும். அதுக்கென்ன உயிரா இருக்கு?"

ஜனவரி வந்தால்தான் அவரைத் தேடி வனவிலங்குத் துறை ஜீப் வரும். தூர் வாருவதற்காகக் கால்வாய்களின் மதகை அடைப்பார்கள். தண்ணீர் வற்றி, கால்வாய் அங்கங்கே குட்டையாகிவிடும். வெள்ளத்தோடு உள்ளே புகுந்த புலான்கள் அந்தக் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். வலை போட்டுப் பிடித்து, ஈர மெத்தையில் கிடத்தி, வண்டியில் ஏற்றி ஆற்றில் விட வேண்டும். வலை இழுக்கப் பத்துப் பேர் கிடைப்பார்கள். வண்டியில் அதன் தலைமாட்டில் உட்கார மட்டும் கமீசோதான் வேண்டும். உச்சியில் கீறல் போல இருக்கிற மூச்சுத் துளையில் துணியோ தண்ணீரோ படாமல் காப்பது அவர் வேலை.

அந்த வேலையில் அவர் ஒரு தடவை தவறியிருக்கிறார். பதினான்கு வருடம் ஆகிறது. மகள் கல்யாணப் பேச்சில் மெய்மறந்து, ஓட்டுநரோடு கதையளந்துகொண்டே வந்தார். ஆற்றங்கரையில் இறக்கும்போதுதான் தெரிந்தது. "செத்தது தெரியாம ரெண்டு மைல் தண்ணி ஊத்திட்டு வந்திருக்கேன். பொணத்துக்கு!" இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் கை தானாகப் பின்னுக்குப் போய் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அதற்குப் பிறகு பிடித்த வழிதான் இந்த மூச்சடக்கல். அது மூச்சு விட்டதும் இவர் அடக்கத் தொடங்குவார். அது விட்டால் இவரும் விடுவார். இவருக்கு முட்டிக்கொண்டு வந்தும் அது விடாவிட்டால் ஆபத்து. வண்டி முன்தகரத்தை ஓங்கித் தட்டுவார், வண்டி நின்றுவிடும். இறக்கி வைத்து, போர்வையைத் தளர்த்தி, உயிரைத் தேற்றி ஏற்றுவார்கள். முத்துக்குளிக்கிறவன் போல இரண்டு நிமிடம் தாங்கிய நெஞ்சு அது. பதினான்கு வருடத்தில் ஐந்தே முறைதான் தட்டியிருக்கிறார். ஐந்தும் பிழைத்தன.

இப்போது அந்த நெஞ்சுதான் காலை வாரிவிட்டது. பீடி தன் வேலையைக் காட்டிவிட்டது. படகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாலே இழுக்கிறது. ஊரில் யாருக்கும் தெரியாது, மனைவி பாகுலைத் தவிர. ரொட்டி தட்டிக்கொண்டே அவள் சொல்வாள்: "ஆத்துல இருக்கிறதோட மூச்செல்லாம் அத்துப்படி. சொந்த மூச்சு ஓட்டைப் பானை மாதிரி ஒழுகுது, அது தெரியல."

"வாயை மூடு. யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டுமே! அந்த வேலையை வேற எவனாவது பாக்கட்டும்."

"எவன் பாப்பான்? கதை பேசிட்டே வருவானுங்க."

இந்த ஜனவரியில் ஜீப் வந்தபோது, முடியாது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். ஆனாலும் போனார். பதினொரு நாளாக இடுப்பளவுக் குட்டையில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் புலான். கரையிலிருந்தவர்கள் கல்லெறிந்து விளையாடியதில் முதுகெல்லாம் கீறல். மெத்தையில் கிடத்தியபோது அதன் உடம்பு மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியைப் போல வெடவெடத்தது. ஆற்றுக்கு நாற்பது மைல். வண்டி ஓட்டியது பச்சல். பின்னால் தண்ணீர் ஊற்ற ஒருவர், புலானின் பக்கத்தில் விலங்கு மருத்துவர் இர்ஷாத், தலைமாட்டில் கமீசோ.

ஐந்தாவது மைலிலேயே கமீசோவுக்கு முட்டிக்கொண்டு வந்தது. புலான் மூச்சு விடவில்லை. தட்டினார். வண்டி நின்றது ஒரு கடைத்தெரு ஓரம். நின்றதுதான் தாமதம், கரும்புக்காட்டிலிருந்தெல்லாம் ஆள் ஓடிவந்தார்கள். போனைத் தூக்கிப் பிடித்தபடி, மோட்டார் சைக்கிள் ஒலிப்பானை அலறவிட்டபடி. காது மட்டுமே உள்ள பிராணிக்கு அத்தனை சத்தமும் அடி மாதிரி விழுந்தது. உடம்பை ஒருமுறை முறுக்கிக்கொண்டு, 'புஸ்' என்று விட்டது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பது செகண்டுகூட ஆகலியே சாச்சா. எதுக்கு நிறுத்துனீங்க?"

"சந்தேகமா இருந்துச்சு டாக்டர் சாயின்."

பத்தாவது மைலில் மறுபடி தட்டினார். மறுபடி கூட்டம். மறுபடி ஒன்றுமில்லை. கூட்டத்தை விலக்கிக் கிளம்பவே கால் மணி நேரம் போயிற்று. வால்பக்கத் தோல் வறண்டு சுருங்கத் தொடங்கியிருந்தது. பச்சல் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினான்: "மைலுக்கு மைல் இப்படி நின்னா ஆத்துக்குப் போய்ச் சேர மாட்டோம் சாச்சா, அடக்கம் பண்ணத்தான் போவோம்!"

அவன் சொன்னதில் பொய்யில்லை என்பது கமீசோவுக்குத் தெரியும். தட்டினால் கூட்டமும் சத்தமும் கொல்லும். தட்டாமல் விட்டால், பழையபடியே பிணத்துக்குக் காவல் இருக்க வேண்டி வரலாம். எது அதன் மூச்சுக் கோளாறு, எது தன் மூச்சுக் கோளாறு என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால், அடுத்த வருடம் தலைமாட்டில் வேறு ஆள்.

வண்டி கிளம்பியது. புலான் ஒரு மூச்சு விட்டு மூடிக்கொண்டது. கமீசோ அடக்கினார். ஒரு பாலம் போனது, ஒரு செங்கல் சூளை போனது. அதன் வெடவெடப்பு நின்றுவிட்டது. நிம்மதியில் நின்றதா, ஒரேயடியாக நின்றதா? கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. முஷ்டி தகரத்துக்கு நேராக எழுந்தது. நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது. தட்டவில்லை. தாங்க முடியாமல் வாயைத் திறந்து, திருட்டுத்தனமாக ஒரு மூச்சு இழுத்தார். அது விடவில்லை. இன்னொன்று இழுத்தார். அது விடவில்லை. மூன்றாவது. பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, அதற்கு முன்னால் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அல்லா, அல்லா என்று உதடு மட்டும் அசைந்தது.

புஸ். வெதுவெதுப்பான சாரல் அவர் மூக்கிலும் மீசையிலும் தெறித்தது.

"அம்பத்தி ரெண்டு செகண்டு," என்றார் டாக்டர், கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல். "நல்லாத்தான் இருக்கா. பயத்துல அடக்குறா, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் தாண்டினாத்தான் கவலை." பிறகு நிமிர்ந்து கமீசோவைப் பார்த்தார். இழுத்து இழுத்து வாங்குகிற அந்த நெஞ்சையும், நீலம் பாரித்த உதட்டையும் பார்த்தார். "சாச்சா, உங்களுக்கு என்ன செய்யுது?"

இன்னும் முப்பது மைல் இருந்தது. டாக்டரின் கடிகாரம் கட்டிய கையைக் கமீசோ மணிக்கட்டோடு பற்றி இழுத்து, இத்தனை வருடம் தான் மட்டுமே தட்டிவந்த தகரத்தின்மேல் கொண்டுபோய் வைத்தார்.