வட்டமாகச் சுற்றிய எர்த் ஒயர்

ஹமீதிக்காவைக் கொன்றது விழாக் கமிட்டி. மறுநாள் மலையாளப் பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்த நான்கு வரிச் செய்தி அப்படிச் சொல்லவில்லை. மைக் செட்காரர் கவனக்குறைவால் இறந்தார் என்றது. மட்டாஞ்சேரியில் சாயாக்கடை நடத்தும் என் அப்பா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஹமீதிக்காவோடு மேடை ஏறியவர்களுக்கும் அவர் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரிடம் குறைகள் இருந்தன. கவனக்குறைவு மட்டும் இருந்ததில்லை.

ஊருக்கே அவர் இக்கா, அதாவது அண்ணன்; ரேடியோ ரிப்பேரில் தொடங்கியவர். எழுபதுகளில், துறைமுகத்தில் கழித்துப் போட்ட கருவிகளைப் பிரித்து வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்தார். டிரான்சிஸ்டர் வந்ததும் நாற்பது வயதுக்கு மேல் புதிதாகப் படித்து, ஆறு மைக்கைச் சேர்க்கும் மிக்சரைத் தன் கையால் கட்டினார். அதன்பிறகுதான் விழா மேடைகளில் சினிமாப் பாட்டுப் பாடும் எங்கள் கானமேளாக் குழுவே உண்டானது. பாடுகிறவர்களைத் தேடிப் பிடித்ததும், மேடைக்குத் திட்டம் போட்டதும், ஒலி அமைத்ததும் அவர்தான். நோட்டீசில் விளக்கேற்றும் பெரிய மனிதர்களின் பெயர்கள் பாதிப் பக்கம் வரும். அவர் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை.

எங்கள் முதல் கேசட்டுக்கு எதிரொலி தேவைப்பட்டது. அதற்கான கருவி எங்களிடம் இல்லை. பஜார் ரோட்டில் காலியாகக் கிடந்த ஒரு மிளகுக் கிடங்கை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கினார். ஒரு கோடியில் ஸ்பீக்கர், மறு கோடியில் மைக். பக்கத்து அறையில் நான் பாட, என் குரல் கிடங்கைக் கடந்து பெரிதாகித் திரும்பி வந்தது. மிளகுத் தூசியில் நான் தும்மியதும் அப்படியே வந்தது. “நல்லாத்தானே இருக்கு மோளே, கிடக்கட்டும்” என்றார். இரண்டாம் பாட்டின் முடிவில் அது இன்னும் கிடக்கிறது.

எந்த மைதானத்துக்குப் போனாலும் ஸ்பீக்கரை இறக்கும் முன் குழி தோண்டுவார். செம்புக் கம்பியை அடித்து இறக்கி, கரியும் உப்பும் போட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். செட்டின் உடம்பில் கரண்ட் கசிந்தால் எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விடவேண்டும். வைப்பின் தீவில் ஒருவன், “இக்கா தென்னங்கன்னு நடுறாரா?” என்று கேலி செய்தான். “ஆமாடா, காய்ச்சா முதல் இளநீர் உனக்குத்தான்” என்றார். பிறகு மைக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். “உள்ளங்கையால தொட்டா கரண்டு பிடிச்சுக்கும். புறங்கைன்னா தள்ளி விட்டுடும்” என்பார். அவர் தொட்டுப் பார்க்காத மைக் என் வாயருகே வந்ததில்லை.

ஒயர் சுற்றுவதிலும் அவருக்கு ஒரே முறைதான். எட்டுப் போட்டுச் சுற்றவேண்டும். வட்டமாகச் சுற்றினால் ஒயர் முறுக்கிக்கொண்டு உள்ளே அறுந்துபோகும். வட்டமாகச் சுற்றியதற்காக என்னையே மூன்று முறை அவிழ்த்துச் சுற்றவைத்திருக்கிறார்.

அவர் இறந்த அன்று மழை விட்டிருந்தது. விழா நடந்த முற்றம் முழுவதும் சிமெண்ட். வாசல் படியோரம்தான் கொஞ்சம் மண் இருந்தது. அங்கே குழி போட்டு, நடைபாதையின் குறுக்கே ஒயரைக் கொண்டுவந்தார். நான்கு மணிக்கு எல்லா மைக்கையும் தொட்டுப் பார்த்தார். ஐந்து மணிக்குச் சிறப்பு விருந்தினருக்காகச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். “இந்த ஒயரு கால்ல தட்டுது, எடு” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டின் வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நான் உயரம் குறைவு. என் வாய்க்குச் சரியாக மைக் ஸ்டாண்டை இறக்க அவர் வந்தார். திருகாணியை இளக்க, ஸ்டாண்டை உள்ளங்கையால் பிடித்தார். கரண்ட் அவரை விடவில்லை.

கமிட்டிச் செயலாளர் போலீசிடம், எர்த் ஒயரை ஹமீதே சுருட்டி வைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். விருந்தினர் நாற்காலிக்கு அடியிலிருந்து அந்த ஒயரை எடுத்தவள் நான். அது வட்டமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது.

அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான். முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. கமிட்டிக்கு மூன்று கடிதம் எழுதினேன், நேரிலும் போய்க் கேட்டேன். சாயா கொடுத்தார்கள். இங்கேயும் அதையே கேட்கிறேன். இதைச் சுற்றியது யார்? சுற்றச் சொன்னது யார்? பெயரைச் சொல்லுங்கள்.